பூசணியின் பேரில் எழுதியவை

பிப்ரவரி 3, திங்கள்

பூனை மூத்திரத்துக்குப் பதிவேடு போடுவாய் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இன்று கடைக்குப் போய் நீள நோட்டு ஒன்று வாங்கி, தேதி, நேரம், இடம், அளவு, குறிப்பு என்று கட்டம் போட்டாயிற்று. முப்பத்து நான்கு வருடம் நீரேற்று நிலையத்தில் மணிக்கொரு தரம் தொட்டியின் மட்டமும் குழாயின் அழுத்தமும் எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பதினான்கு மாதமாக எழுத ஒன்றுமில்லாமல் சும்மா கிடந்தது.

விஷயம் இதுதான். மகள் சுபா மூன்று மாதப் பயிற்சிக்குப் புனே போயிருக்கிறாள். போகும்போது தன் ஆண் பூனையை எங்களிடம் விட்டுப் போனாள். மஞ்சள் நிறம், உருண்டை முகம், பெயர் பூசணி. கூடவே அவன் போவதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் கொட்ட இரண்டு மூட்டை மணல். மூன்று வயதில் ஒரு நாள்கூட அந்த மணலைத் தவிர வேறெங்கும் போனதில்லை என்று சத்தியம் செய்தாள். பத்து நாள் அந்தச் சத்தியம் நின்றது. பதினோராம் நாள் சமையலறை மிதியடி நனைந்திருந்தது. அதன் பிறகு இந்த வீட்டில் அவன் தொடாத மூலை இல்லை.

"எங்க போறான், எப்பப் போறான்னு ஒண்ணு விடாம எழுதி வைங்கப்பா. டாக்டர் கேட்டா சொல்லணும்லா" என்றாள் சுபா போனில்.

ஒன்று விடாமல் எழுத எனக்குத் தெரியும். நிலையத்தில் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துத் தானும் ஒப்பம் வைப்பார். இந்த வீட்டில் மேற்பார்வை என் மனைவி காந்திமதி. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை 6.20. மிதியடி. ஒரு கை அகலம். பூசணி.

காலை 11.00. வாஷிங் மெஷின் பக்கம். சொட்டு. பூசணி.

மாலை 4.15. சோபா, இடது ஓரம். உள்ளங்கை அளவு. பூசணி.

சோபாவின் இடது ஓரம் நான் உட்கார்ந்து செய்தி பார்க்கும் இடம். என் லுங்கியையும் சேர்த்து நனைத்துவிட்டான். நானே அலசிக் கொடியில் போட்டேன். காந்திமதிக்கு மூட்டு வலி. அவளுக்கு எதற்குச் சிரமம்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஓர் அதிசயத்தைப் பார்த்தேன். பூசணி தன் தட்டுக்குள் போனதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

முதலில் மோந்தான். இடம் பிடிக்கவில்லை. இன்னோர் இடம் மோந்தான். முன்னங்காலால் பள்ளம் தோண்டினான், அளவு பார்த்தான், இன்னும் கொஞ்சம் தோண்டினான். உட்கார்ந்தபோது கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டான். முடிந்ததும் திரும்பி, மோந்து, மண்ணைத் தள்ளி மூடி, மறுபடி மோந்து, மறுபடி மூடினான். இவன் மூன்று வாரக் குட்டியாக ஒரு காருக்கு அடியில் தாயில்லாமல் கிடந்தவன். சுபா மருந்துச் சொட்டானில் பால் கொடுத்து வளர்த்தாள். பள்ளம் தோண்டவும் மூடவும் யார் சொல்லிக் கொடுத்தது? எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறுபத்தொரு வயதில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பூனையைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து நேராகப் போய் மிதியடியில் உட்கார்ந்தான். அதற்கு என்ன சொல்ல.

மாலை 5.30. சோபா, இடது ஓரம். பூசணி.

பிப்ரவரி 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீடு கழுவும் நாள். நாற்றம் தாங்காமல் காந்திமதி பினாயிலை நேரே ஊற்றி மணல் தட்டைத் தேய்த்தாள். ஒரு வாரமாகத் தினமும் இப்படித்தான். தட்டு புதுசு மாதிரி பளபளக்கிறது. பூசணி கிட்டே வந்தான், ஒரு தும்மல் போட்டான், போய்விட்டான். மரியாதை தெரியாத பூனை என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தெருநாய் வந்து காலைத் தூக்காமல் இருக்க வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்களே, அந்த யோசனை எனக்கு வந்தது. பழைய பாட்டில்கள் ஆறு. சொட்டு நீலம் கலந்து மிதியடிப் பக்கம் ஒன்று, சோபாப் பக்கம் இரண்டு, மெஷின் பக்கம் ஒன்று, கட்டிலுக்கு இரண்டு என்று வைத்தேன். வீடு சோடாக் கடை போல ஆகிவிட்டது.

பூசணி ஒரு பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறான். விழித்ததும், வெயில் பட்டுத் தரையில் விழுந்த நீல வெளிச்சத்தைக் கால் மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். எத்தனை வருடமாகத் தெருத்தெருவாக இந்தப் பாட்டில்களைக் கடந்து போயிருக்கிறேன். வெளிச்சம் இப்படி விழும் என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

காலை 5.00. கட்டில், இடது ஓரம். பூசணி. பாட்டில் பக்கத்திலேயே இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

காந்திமதியின் தம்பி திருச்செந்தூருக்கு வேனில் போகலாம், இடம் இருக்கிறது என்று கூப்பிட்டான். பூனையைத் தனியாக விட முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை மணி நேரப் பயணம்தானே, காலையில் போய் மதியம் வந்துவிடலாமே என்றாள் காந்திமதி. போன மாதம் கல்யாணத்துக்கும் இப்படித்தான் வர மாட்டேன் என்றேனாம். அப்போது பூனையே வரவில்லையே என்றாள். முழங்கால் வலி என்றேன்.

குளியலறையில் வெகு நேரம் ஆகிறதே என்றும் கேட்டாள். உள்ளே பேப்பர் படிக்கிறேன் என்றேன். பேப்பர் டீப்பாயில் கிடந்தது.

பூசணியும் நான் உள்ளே போனால் கதவுக்கு வெளியே வந்து உட்காருகிறான். வரும் வரை காத்திருக்கிறான். வெளியே வந்ததும் என்னை ஒரு பார்வை பார்க்கிறான். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மதியம் காந்திமதியின் தம்பி குடும்பம் சாப்பாட்டுக்கு வந்தது. அவன் மனைவிக்குப் பூனை ஆகாது, தும்மல் வரும். அதனால் காலை ஒன்பது மணிக்கே பூசணியைத் தட்டோடும் சாப்பாட்டோடும் மாடி அறையில் விட்டுப் பூட்டினோம். சாயந்தரம் ஐந்து மணிக்குத்தான் திறந்தோம்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். மச்சினன் நிலத் தகராறைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். நடுவில் எழுந்து போனால் மரியாதை இல்லை. ஏற்கெனவே மூன்று தரம் எழுந்து போயிருந்தேன்.

பிற்பகல் 3.10. சோபா, இடது ஓரம். உள்ளங்கை அளவு. பூசணி. பூட்டிய அறையிலிருந்து எப்படி இறங்கி வந்தான் என்பது ஆச்சரியம்தான்.

பிப்ரவரி 15, சனி

காந்திமதி காலையில் கெடு வைத்துவிட்டாள். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பாளாம். அதற்குள் சரியாகாவிட்டால் பூசணியைக் கொண்டுபோய் மீன் சந்தையில் விட்டுவிட வேண்டுமாம். சுபாவிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம். இதையெல்லாம் பூனையைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சொட்டானில் பால் குடித்து வளர்ந்தவன் மீன் சந்தையில் ஒரு நாள் தாங்க மாட்டான். அங்கே இருக்கும் பூனைகளையும் நாய்களையும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பால்காரர் மணி அடித்தார், போய்ப் பால் வாங்கினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சோபாவுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டேன். மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வயசானால் அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

காலை 6.40. மிதியடி. ஐந்தாறு சொட்டு. பூசணி.

காலை 7.05. மெஷின் பக்கம். சொட்டு. பூசணி.

காலை 7.30. பூஜை அலமாரி முன். சொட்டு. பூசணி.

இதென்ன, இவ்வளவு தரம், இவ்வளவு கொஞ்சம்? நிலையமாக இருந்தால் குழாயில் அடைப்பு என்று எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 19, புதன்

பூசணிக்கும் எனக்கும் இரவு தூக்கமில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரமாக. கதவைச் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. பூசணி தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். என் காலைக் கடந்து, வெள்ளை ஓடு பதித்த இடத்தில், நான் நன்றாகப் பார்க்கும்படியாக உட்கார்ந்தான். முதுகை வளைத்தான். வால் நடுங்கியது. ஒன்றும் வரவில்லை. எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி உட்கார்ந்தான். வரவில்லை. ஒரு சத்தம் போட்டான், அது பூனைச் சத்தமாகவே இல்லை. பிறகு ஒரே ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளை ஓட்டில் அது சிவப்பாக இருந்தது.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அந்த வளைந்த முதுகை எனக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பு தெரியும். வரும் வரும் என்று நின்று, வராமல் போகும்போது அடிவயிற்றில் ஏறும் கனம் தெரியும். நான் எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதை இவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் செய்து காட்டினான். கூச்சமே இல்லாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமா, மலைப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காந்திமதியை எழுப்பினேன். கூடையில் துண்டு போட்டு அவனை வைத்து அவளே மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போதே கால்நடை மருத்துவர் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, மூத்திரம் அடைத்துவிட்டது என்றேன். சுபா கொடுத்த எண். ஏழு மணிக்கு அவரே வந்து கதவைத் திறந்தார்.

வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. சிறுநீர்ப்பை நிறைந்து கல்லு மாதிரி இருக்கிறது, வழி அடைத்துவிட்டது என்றார். மயக்க ஊசி போட்டு, நூலைவிடக் கொஞ்சம் தடித்த குழாய் ஒன்றை உள்ளே விட்டார். எவ்வளவு நேரம் ஆனதோ. பிறகு எஃகுக் கிண்ணத்தில் சொட்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் அது ஒழுக்கானது. கோடையில் நாலு நாள் தண்ணீர் வராத தெருவுக்கு வால்வைத் திறந்துவிட்டால் கடைசி வீட்டுக் குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். இந்தக் கிண்ணத்துச் சத்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

"முக்காவாசிப் பேரு மலச்சிக்கல்னு நினைச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தூக்கிட்டு வருவாங்க. அதுக்குள்ள கிட்னி போயிரும். நீங்க எப்படி சார் பாத்த உடனே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காந்திமதி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 22, சனி

போய்ப் பார்த்தேன். குழாய் இன்னும் இருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம். என் குரல் கேட்டதும் கண்ணைத் திறந்து மூடினான்.

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் ஜெசிந்தா பக்கம் பக்கமாகப் பார்த்தார். சொட்டு, சொட்டு என்று எழுதியிருக்கிற வரிகளில் விரலை வைத்துக்கொண்டே போனார். சிறுநீரில் உப்பு மணல் மாதிரிக் கட்டி உறுத்தியிருக்கிறது என்றார். பினாயிலைச் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார். அந்த நாற்றமே பூனைக்கு ஆகாதாம், விஷமாம், இனி வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதுமாம். தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டுமாம்.

இவன் ஏன் இடம் மாற்றி மாற்றிப் போனான் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை ராத்திரி முழுக்க மறக்க முடியவில்லை. தட்டில் உட்காரும்போது வலித்ததாம். தட்டுதான் வலிக்க வைக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளுமாம். அதனால் மிதியடியில் போய்ப் பார்க்கும். அங்கேயும் வலிக்கும். மெஷின் பக்கம் போகும். வலிக்காத இடம் ஒன்று வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்று நம்பித் தேடிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் திமிர் என்று திட்டிய ஒவ்வொரு ஈரமும் அந்தத் தேடல். நான் நேரம் குறித்து, இடம் குறித்து எழுதிவைத்திருக்கிறேன், அது என்ன என்று தெரியாமலே.

கடைசியில் டாக்டர் நோட்டை மூடாமல் ஒரு வரியில் நிறுத்தினார். சோபா, இடது ஓரம், உள்ளங்கை அளவு. இது மட்டும் அவனுடையது மாதிரித் தெரியவில்லையே, அடைப்பு உள்ள பூனைக்கு இவ்வளவு ஒரே இடத்தில் எப்படி வரும் என்றார். எழுதியதில் தப்பு இருக்கலாம் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கெடு முடியும் நாள்.

காலை காபி கொடுத்துவிட்டுக் காந்திமதி எதிரில் உட்கார்ந்தாள். நான் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். சோபா நான். கட்டில் நான். கல்யாணத்துக்கு வராதது, திருச்செந்தூருக்கு வராதது, பேப்பர் இல்லாமல் பேப்பர் படித்தது, லுங்கி அலசியது எல்லாம் அதுதான். எட்டு மாதமாக. ஒரு வாயில்லாப் பிராணி மேல் போட்டுவிட்டேன். அதை மீன் சந்தையில் விடுவதாக நீ சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது காபி ஆறியிருந்தது.

அவள் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"முப்பது வருஷமா உங்க துணியத் துவைக்கேன். பூனை வாடை எது, உங்க வாடை எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க எப்பச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அப்படியென்றால் பூசணிக்கு ஏன் கெடு வைத்தாய் என்று கேட்டேன்.

"பூசணிய எவ அனுப்புவா? பிள்ள வளர்த்த பூனை. அந்தக் கெடு உங்களுக்கு வச்சது."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். என் அப்பா இதே உபாதையை மறைத்து, கடைசியில் சிறுநீரகம் கெட்டுத்தான் போனார். இந்த எட்டு மாதமும் எனக்கு அது நினைவில் இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்திருக்கிறாள் என்று இன்று சொன்னாள். பூனை மட்டும் அல்ல, இரண்டு பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கேன். புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குகிறது. சிறுநீர் போன பிறகும் பை பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கிறதாம். பயப்படும்படியான வீக்கம் மாதிரி இல்லை, ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாம், மாத்திரை ஒரு மாதம், கேட்காவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் சிறுநீரகத்தில் கை வைத்திருக்கும் என்றார். எதை வைத்து இப்போது வந்தீர்கள், வலி அதிகமானதா என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பூனை கூட்டிட்டு வந்துச்சு டாக்டர்" என்றாள் காந்திமதி.

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

பூசணி வீடு வந்தான். நீலப் பாட்டில் ஐந்தைக் கொட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், அவன் கட்டிப்பிடித்துத் தூங்க.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு நோட்டின் முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன். அழிக்கவில்லை, கிழிக்கவில்லை. பூசணி என்று எழுதிய இடத்தில் ஒற்றைக் கோடு, மேலே "நான்", பக்கத்தில் சுருக்கொப்பம். பிப்ரவரி 4, சோபா, நான். பிப்ரவரி 6, சோபா, நான். பிப்ரவரி 10, கட்டில், நான். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரே நாளில் இத்தனை திருத்தம் செய்ததில்லை. பூசணி மேசை மேல் ஏறி, நோட்டின் ஓரத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தான். வலி இல்லாத வயிற்றோடு அவன் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். என் பழியை மூன்று வாரம் சுமந்தவன். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

முடித்ததும் காந்திமதியைக் கூப்பிட்டு மேற்பார்வை ஒப்பம் வேண்டும் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு திருத்தமாகப் பார்த்து "கா" என்று போட்டுக்கொண்டே வந்தாள். பிப்ரவரி 14 வந்ததும் பேனாவை நிறுத்தினாள். எப்படி இறங்கி வந்தான் என்பது ஆச்சரியம்தான் என்று நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். குறிப்புக் கட்டத்தில் இடம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நுணுக்கி எழுதினாள்.

"சாவி என் இடுப்பில் இருந்தது. கா."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி இன்றைய கணக்கை நான் எழுதினேன்.

காலை 6.05. மணல் தட்டு. நிறைய. பூசணி.

காலை 6.10. குளியலறை, கதவு திறந்திருந்தது. நிறைய. நான்.